எண்ணப்பட்ட தலைமயிரும் நடப்பட்ட தலைமயிரும்

தியானப் பகுதி: மத்தேயு 10:29-31



இந்த லெந்து நாட்களில் ஒரு மாலை, ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்துபோன பின்பு, நம் சபையின் வாலிபர் ஒருவர் என்னைக் காண வீட்டு வாசலுக்கு வந்தார். விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். உள்ளே வந்து அமரவும் மனமில்லாமல், தலையிலிருந்த தொப்பியைக் கழற்றாமலே பேசினார். "ஐயா, தடைக்காலத்துல வெளியூர் போய்த் தலையில முடி வைக்கப் போறேன். முன்பணம் கட்டிட்டேன். வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க மட்டும் ஜெபிச்சுக்கோங்க. இது பாவமா ஐயா?"

ஏன் தம்பி, இப்போது என்ன அவசரம் என்று கேட்டேன். சிறிது நேரம் தரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "போன வருஷம் கல்யாண வீட்டுல மாப்பிள்ளையோட முன்தலையப் பத்தி நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அந்த வார்த்தையை நான் மறந்துபோயிருந்தேன். அவர் மறக்கவில்லை. ஆகவே இந்த வாரத் தியானத்தை ஒரு மன்னிப்போடு தொடங்குகிறேன். அந்த மணமகனிடம் நேரில் கேட்டுவிட்டேன். அன்று சிரித்தவர்களோடு சேர்ந்து சிரிக்க நேர்ந்து, உள்ளுக்குள் காயப்பட்ட ஒவ்வொருவரிடமும் இப்போது கேட்கிறேன்.

வேதம் இதைக்குறித்து மௌனமாயில்லை. லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தில் ஆசாரியன் தோல் நோய்களைச் சோதிக்கும் முறை விவரிக்கப்படுகிறது. அதன் நடுவே, தலைமயிர் உதிர்ந்தவன் சுத்தமுள்ளவன் என்று தெளிவாகத் தீர்ப்புச் சொல்லப்படுகிறது. உச்சியில் உதிர்ந்தாலும் சரி, முன்தலையில் உதிர்ந்தாலும் சரி, தீர்ப்பு ஒன்றே. தேவன் சுத்தம் என்று தீர்த்ததைத்தான் நாம் பட்டப்பெயராக்கிச் சிரிக்கிறோம். நம் கரையிலேயே ஒரு காட்சியைக் கவனியுங்கள். இராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் முன்னோருக்கான சடங்குக்காகத் தலை மழித்து வருகிற பிற சமய சகோதரர்களைக் கண்டு எவரும் நகைப்பதில்லை. வேளாங்கண்ணிக்குப் பொருத்தனை செய்து தலைமுடியைக் கொடுத்துவிட்டு வருகிறவர்களைக் கண்டும் நகைப்பதில்லை. தானாக உதிர்ந்த தலைக்கு மட்டும் நாம் பெயர் வைக்கிறோம். அப்படியானால் வெட்கத்துக்குரியது முடியில்லாத தலை அல்ல, நம்முடைய நாவு.

எனவே அந்த வாலிபரின் கேள்விக்கு நான் சொன்ன பதில் இது: தம்பி, இது பாவம் அல்ல. கோணிய பல்லைச் சீராக்குவதும், மங்கிய கண்ணுக்குக் கண்ணாடி அணிவதும் பாவமில்லையென்றால் இதுவும் பாவமில்லை. ஆனால் அறியாமல் போவதும், மறைத்துப் போவதும், கடன்பட்டுப் போவதும் ஆபத்து. அதைத்தான் உங்களுக்கும் இங்கே விளக்கமாக எழுத விரும்புகிறேன்.

முதலாவது, காரணத்தை அறிந்துகொள்ளுங்கள். உப்புத் தண்ணீரும் கடற்காற்றும் தலையை வழுக்கையாக்குகின்றன என்று நம் கரையில் பலர் நம்புகிறார்கள். அவை முடியை வறண்டுபோகச் செய்யும், முறியச் செய்யும். ஆனால் ஆண்களுக்கு வரும் வழுக்கையில் பெரும்பாலானது பரம்பரையாலும் உடலில் சுரக்கும் ஹார்மோனாலும் வருவது. இரத்தச்சோகை, தைராய்டு குறைபாடு, கடும் காய்ச்சல் இவற்றாலும் முடி கொட்டும். அந்தக் காரணத்தைச் சரிசெய்தால் அது பெரும்பாலும் திரும்ப வளரும். புழுவெட்டு என்று நாம் சொல்வது வேறொரு நோய். இவை எல்லாவற்றுக்கும் முடி நடுவது மருந்தாகாது. ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன்பு, இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறெங்கோ ஒரு தோல் மருத்துவரிடம் தலையைக் காட்டுங்கள். இருபது வயதின் தொடக்கத்திலிருப்பவர்களுக்கு, முடி எதுவரை உதிரும் என்று இன்னும் தெரியாததால், நல்ல மருத்துவர் பொறுத்திருக்கவே சொல்லுவார்.

இரண்டாவது, அங்கே என்ன நடக்கும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். இந்தச் சிகிச்சை புதிய முடியை உண்டாக்குவதில்லை. பின்தலையில், இரு காதுகளுக்கும் இடையில் உள்ள முடி எளிதில் உதிராத தன்மையுடையது. அங்கிருந்து வேரோடு எடுத்து முன்னே நடுகிறார்கள். இடம் மாறினாலும் அது தன் தன்மையைப் பெரும்பாலும் இழப்பதில்லை. எடுத்த இடத்தில் அந்த வேர் மறுபடி முளைப்பதில்லை. ஆகவே பின்தலை அளவான சேமிப்பைப் போன்றது. ஒருமுறை வீணாக்கினால் திரும்ப நிரப்ப முடியாது.

சிகிச்சை நாளுக்கு முன்பே இரத்தப் பரிசோதனை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும், முன்பு எந்த மருந்தாவது ஒவ்வாமல் போனதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புகையையும் மதுவையும் நிறுத்தச் சொல்லுவார்கள். அன்றைக்குத் தலையின் பின்புறத்தை மழித்து, முன்தலையில் முடி வரவேண்டிய கோட்டை வரைவார்கள். பிறகு மரத்துப்போகும் ஊசி. முழு மயக்கம் பெரும்பாலும் இல்லை. தலை மட்டும் மரத்துப்போகும். முதல் சில ஊசிகள் வலிக்கும். அதன்பின் தொடுவதும் இழுப்பதும் தெரியுமேயன்றி வலி தெரியாது. குப்புறப் படுக்க வைத்து, ஒரு மில்லிமீட்டர் அளவேயுள்ள கருவியால் வேர்களை ஒவ்வொன்றாக எடுப்பது ஒரு முறை. பின்தலையில் தோலை நாடாவாக வெட்டியெடுத்து, தைத்து, அதிலிருந்து வேர்களைப் பிரிப்பது மற்றொரு முறை. அதில் கோடுபோல ஒரு தழும்பு இருக்கும். எடுத்தவற்றைக் குளிர்ந்த திரவத்தில் வைத்திருந்து, முன்தலையில் நுண்ணிய கீறல்கள் இட்டு ஒவ்வொன்றாக நடுவார்கள். காலையில் தொடங்கினால் மாலைகூட ஆகலாம்.

வீடு திரும்பியபின் சில நாட்கள் தலையை உயர்த்தி வைத்தே தூங்க வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் நெற்றியும் கண்ணிமையும் வீங்கலாம். அது தானே வடியும். நட்ட இடத்தில் பொருக்கு கட்டி, பத்து நாட்களுக்குள் பெரும்பாலும் உதிரும். அதை நகத்தால் பிய்க்கக் கூடாது. வெயில், பாரம் தூக்குதல், கடல்நீரில் முழுகுதல் ஆகியவற்றை மருத்துவர் சொல்லும்வரை, பொதுவாகச் சில வாரங்கள், தவிர்க்க வேண்டும்.

இனிமேல்தான் பலர் மனமுடைந்துபோகிற கட்டம். நட்ட முடியில் பெரும்பகுதி சில வாரங்களில் உதிர்ந்துவிடும். வேர் உள்ளே உயிரோடிருக்க, மேலே உள்ளது மட்டும் விழும். மூன்று நான்கு மாதங்களுக்குப் பின்பே புதிதாக முளைக்கத் தொடங்கும். முழுப் பலனைக் காண ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அந்த வாலிபருக்கு இதை நம் தொழில் நாட்காட்டியிலேயே எண்ணிக் காட்டினேன். ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கியவுடன் சிகிச்சை செய்துகொண்டால், மே மாத நடுவில் நட்ட முடி உதிரும். 61 நாட்கள் முடிந்து ஜூன் 15-ல் படகு ஏறும்போது தலை ஏறக்குறைய பழையபடியே இருக்கும். படகில் உள்ளவர்கள் பழைய பெயரையே சொல்லுவார்கள். ஆகஸ்ட்டில் முளை தெரியும். அடுத்த லெந்து காலத்தில்தான் நினைத்தது கைகூடும். திருமணத்துக்கு இரண்டு மாதத்துக்கு முன்பு ஓடிப்போய்ச் செய்கிறவர்கள் இதை அறியாமல் செய்கிறார்கள். மேலும், நடாத இடத்தில் உள்ள பழைய முடி தொடர்ந்து உதிரக்கூடும். அதற்கு மருத்துவர் சொல்லும் மருந்தை நெடுநாள் எடுக்க வேண்டியிருக்கலாம்.

மூன்றாவது, ஆபத்தை அறிந்துகொள்ளுங்கள். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. பெரும்பாலோர் நலமாகத் திரும்புகிறார்கள். ஆனாலும் 2016 மே மாதத்தில், சென்னையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த 22 வயது மாணவர் ஒருவர் இந்தச் சிகிச்சையின்போது உடல்நிலை மோசமாகி, இரண்டு நாட்களில் வேலூரில் மரித்தார். டெல்லியில் இன்னொருவர் இந்தச் சிகிச்சைக்குப் பின் மரித்த வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் விசாரித்தது. 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பயிலரங்கில் பார்த்ததோ, யூடியூபில் பார்த்ததோ இதைச் செய்வதற்குப் போதிய பயிற்சியாகாது என்று அதில் சொல்லியிருக்கிறது. ஒரு மருத்துவ ஆணையம் இதைக்கூட எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால், நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மரத்துப்போகும் மருந்துக்கும் உடல் எடைக்கேற்ற அளவு உண்டு. மிஞ்சினால் வலிப்பு வரலாம், இதயமும் பாதிக்கப்படலாம். ஆகையால் விளம்பரத்தில் உள்ள நடிகரின் படத்தைப் பார்க்காமல், இவற்றைக் கேளுங்கள்: அறுவை செய்பவர் பதிவுபெற்ற தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் அறுவை மருத்துவரா? முழு நேரமும் அவர் உடனிருப்பாரா, உதவியாளரிடம் விட்டுப்போவாரா? அவசரம் நேர்ந்தால் ஆக்சிஜனும் உயிர்காக்கும் மருந்துகளும் அங்கே உண்டா? அருகில் எந்தப் பெரிய மருத்துவமனை? கேட்டால் முகம் சுளிக்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்; முன்பணம் போனாலும் போகட்டும். வீடு வந்தபின் காய்ச்சலோ, கூடிக்கொண்டே போகும் வலியோ, சீழோ, மூச்சுத்திணறலோ கண்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

இதனால்தான் மறைத்துப் போகாதீர்கள் என்கிறேன். தலைக்கட்டோடு இரவுப் பேருந்தில் தனியே வந்து, வீட்டாருக்குத் தெரியாமல் நண்பனின் அறையில் படுத்திருக்கிறவனுக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? பணமும் அப்படியே. தடைக்காலத்தில் அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை நடத்துகிற தாய்க்குத் தெரியாமல், அவள் கழுத்து நகையின் மேல் வாங்கிய கடனில் தலையை அலங்கரிப்பது அவளுக்குச் செய்கிற அநியாயம். சொந்த உழைப்பில் சேர்த்தது இருந்தால், வீட்டாரிடம் சொல்லி, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

அழகு நம்மை ஆளத் தொடங்கினால் என்னவாகும் என்பதற்கு அப்சலோம் ஒரு சாட்சி. அவனுடைய தலைமயிரின் எடையைக்கூட வேதம் குறித்து வைத்திருக்கிறது. ஆயினும் அவன் தகப்பனுக்கு விரோதமாய் எழும்பி, கர்வாலி மரத்தில் தலை சிக்கித் தொங்கியே முடிந்தான். தலைமயிர் உண்டென்றும் இல்லையென்றும் பார்த்து மனிதனை நிறுக்கிற தராசு தேவனிடத்தில் இல்லை.

இன்றைய தியானப் பகுதியை மறுபடி வாசித்துப் பாருங்கள். அடைக்கலான் குருவி விழாது என்று ஆண்டவர் சொல்லவில்லை. அது விழுவதும் பிதாவுக்கு மறைவானதல்ல என்றார். அந்த வார்த்தையின் தொடர்ச்சியாகவே நம் தலைமயிர் எண்ணப்பட்டிருப்பதைச் சொன்னார். அப்படியானால், காலையில் தலையணையிலிருந்து நீங்கள் வெட்கத்தோடு பொறுக்கியெறிகிற முடியும் அவர் கணக்கில் உண்டு. உதிர்ந்ததையும் எண்ணியிருக்கிறவர் முன்பாக நீங்கள் தொப்பி அணிந்து நிற்க வேண்டியதில்லை.

சபையாரே, இனி நம் திருமண வீடுகளிலும், வாலிபர் கூடுகையிலும், என் பிரசங்க மேடையிலும் ஒருவருடைய தலை வேடிக்கைப் பொருளாகாதிருக்கட்டும். நம் சிரிப்புக்குப் பயந்து ஒரு வாலிபன் இரகசியமாக அறுவைசிகிச்சை மேசையில் படுப்பானானால், அவனுக்கு நேரிடும் தீங்கில் நமக்கும் பங்கு உண்டு.

அந்த வாலிபர் இன்னும் முடிவெடுக்கவில்லை. போன வாரம் தாயிடம் சொல்லிவிட்டாராம். தாயும் மகனும் சேர்ந்து தோல் மருத்துவரைப் பார்க்கப் போகிறார்கள். நடுவதானாலும் விடுவதானாலும் அவருக்காக நான் ஜெபிப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் ஜெபியுங்கள்; அது யார் என்று மட்டும் தேடாதீர்கள்.

ஜெபம்: பரம பிதாவே, எங்களை உள்ளும் புறமும் அறிந்திருக்கிறீர். எங்கள் நாவினால் காயப்பட்டவர்களைத் தேற்றும். மருத்துவர்களின் கைகளுக்கு உண்மையையும் கவனத்தையும் தாரும். எங்கள் பிள்ளைகள் உமது பார்வையில் எவ்வளவு அருமையானவர்கள் என்பதை அவர்கள் எங்கள் வாயினால் கேட்கும்படி செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்