அம்மாவின் கையில் ரிமோட்



பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதுமே நம் சந்தாதாரர்கள் சிலரிடமிருந்து ஒரே மாதிரி கடிதங்கள் வரும். "மகள் பிரசவத்துக்கு மெல்பர்ன் போகிறோம், ஆறு மாதம் இதழை நிறுத்தி வையுங்கள்." "பையன் டல்லாஸுக்குக் கூப்பிட்டிருக்கிறான், தீபாவளிக்குள் திரும்பிவிடுவோம்." விசா, டிக்கெட், மருந்துச் சீட்டு, பருப்புப்பொடி என்று எல்லாம் தயாரான பிறகு, கிளம்புவதற்கு முந்தின வாரம் போனில் பிள்ளையிடம் மெல்லக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அங்க நம்ம சேனல் எல்லாம் வருமாடா?"

"ஸ்மார்ட் டிவிம்மா. எல்லாம் வரும்."

பொய்யில்லை, பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றி எழுதத்தான் இந்த மாதப் பக்கம்.

அடுத்த நாட்டு ஒளிபரப்பைப் பார்ப்பது நமக்குப் பழைய பழக்கம். சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கினாலும், தென்கோடி மாவட்டங்களை எட்ட அதற்குப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி வந்துவிட்டது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் அப்போது டிவி வாங்கியவர்கள் ஆன்டெனாவை இலங்கைத் திசைக்குத் திருப்பி வைத்துத்தான் படம் பார்த்தார்கள். ஒரு வார்த்தை புரியாத சிங்களச் செய்தியையும் எழுந்து போகாமல் உட்கார்ந்து பார்த்த தலைமுறை அது. பிற்பாடு கொடைக்கானல் மலையில் ஒளிபரப்புக் கோபுரம் வந்ததும் யாழ்ப்பாணத்து ஆன்டெனாக்கள் இந்தப் பக்கம் திரும்பின. யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, காசும் கட்டவில்லை.

இன்று படம் இணையத்தில் வருகிறது. அது நம்மை விசாரித்துவிட்டுத்தான் உள்ளே விடும். டிவியை வைஃபையில் இணைத்ததுமே நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதை ஐ.பி. முகவரி சொல்லிவிடுகிறது. நிகழ்ச்சிகளின் உரிமையோ நாடு நாடாகப் பிரித்து விற்கப்பட்டிருக்கிறது. கிரிக்கெட்டுக்கு இந்தியாவில் ஒரு நிறுவனம், ஆஸ்திரேலியாவில் வேறொரு நிறுவனம். சினிமாவிலும் இதே கதைதான். கோடம்பாக்கத்தில் எஃப்.எம்.எஸ். என்று பேசுவார்களே, அந்த வெளிநாட்டு உரிமை தனியாக விலை பேசப்படுவது. ஆகவே பொங்கலன்று ஊர் முழுக்க ஓடுகிற படம் உங்கள் திரையில் மட்டும் "இந்த நிகழ்ச்சி உங்கள் நாட்டில் கிடைக்காது" என்று நின்றுபோனால், டிவியைக் குறை சொல்லவேண்டாம். மருமகன் போட்டுக்கொடுத்த இணைய இணைப்பையும் குறை சொல்லவேண்டாம்.

இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வழியை இளைய வாசகர்கள் அறியமாட்டார்கள். எண்பதுகளில் கனடா போன ஈழத்தமிழர்களுக்கு ஊர்ப் படம் என்றால் வீடியோ கேசட். நம் பக்கத்து கேசட் பால் (PAL) என்ற முறையில் பதிவானது, வட அமெரிக்க டிவி என்.டி.எஸ்.சி. முறையில் ஓடுவது. மாற்றிப் பதியாமல் படம் தெரியாது. 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி தொடங்கி, பிறகு அது கடல் கடந்தபோது பால்கனிகளில் டிஷ் முளைத்தது. அப்புறம்தான் ஆப்களின் காலம்: சன் நெக்ஸ்ட் 2017, ஜீ5 2018. யூடியூபில் தமிழ்ச் செய்திச் சேனல்கள் பலவும் நாள் முழுக்க நேரலையில் ஓடுகின்றன, பைசா செலவில்லாமல்.

நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊரை விட்டுப் போனவர்கள் டிவியிடம் எதிர்பார்ப்பது நிகழ்ச்சியை மட்டுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரில் இருப்பவர்கள் பார்க்கிற அதே நேரத்தில் தாங்களும் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய ஆசை.

சென்னையில் இரவு 8 மணி சீரியல் சிங்கப்பூரில் 10.30-க்கு வரும், சமாளித்துவிடலாம். லண்டனில் கோடைகாலத்தில் பிற்பகல் 3.30, டொராண்டோவில் காலை 10.30. மெல்பர்னில் நள்ளிரவு தாண்டிவிடும். பனிக்காலத்தில் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் நாடுகளில் சீரியலும் ஒரு மணி நேரம் முன்னால் நகர்ந்துவிடுகிறது. புதிதாகப் போன அம்மாக்களுக்கு இது ஒரு வாரக் குழப்பம். "அதான் எப்ப வேணா பாக்கலாமேம்மா, ஆப்லயே இருக்கு" என்பான் பையன். அவன் சொல்வது சரிதான். ஆனால் டொராண்டோவில் இருக்கும் அக்காவும் திருச்சியில் இருக்கும் தங்கையும் சீரியல் முடிந்த கையோடு போனில் அந்த வில்லனைத் திட்டித் தீர்க்க வேண்டும் என்றால் இருவரும் ஒன்றாகப் பார்த்திருக்க வேண்டும். தனியாக, நாலு நாள் கழித்துப் பார்க்கிற சீரியலைப் பற்றி யாரிடம் பேசுவது? இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. சில ஓடிடி தளங்கள் கட்டணம் கட்டியவர்களுக்கு டிவியில் வருமுன்பே எபிசோடைக் காட்டிவிடுகின்றன. அப்படிப் பார்த்துவிட்ட அக்கா கதையைச் சொல்லாமல் அடக்கிக்கொள்ள வேண்டுமே, அது இன்னொரு வகை அவஸ்தை!

சீரியலை விடுங்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது பலருக்குப் போன் கிடைக்கவில்லை. முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் பெற்றோரை வைத்திருந்த பிள்ளைகள் தாங்கள் இருந்த நாடுகளில் செய்திச் சேனலை அணைக்காமல் தெருப்பெயர் ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். 2018 ஆகஸ்ட் 7 மாலை 6.10-க்குக் கலைஞர் மறைந்தபோது டொராண்டோவில் காலை 8.40, வேலைக்குப் போகிற நேரம். 'எதிர்நீச்சல்' தொடரின் ஆதி குணசேகரனாக வீடு வீடாக வந்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் திடீரென்று காலமானார். கடல் கடந்த வீடுகளிலும் சொந்தத்தில் ஒருவர் போனதுபோல் பேசிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட நாட்களில் மறுநாள் பார்க்கும் பதிவுக்கு மதிப்பில்லை.

ஈழத்து வீடுகளில் இது இன்னொரு வகை. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் தேர் காலை 7 மணிக்கு அசைகிறது என்றால் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் முந்தின நாள் இரவு 9.30. பேரப்பிள்ளைகள் அம்மம்மாவுக்கு யூடியூபில் தேரைப் போட்டுக் கொடுக்கிறார்கள். அதே அம்மம்மா மற்ற நாட்களில் பார்ப்பது சென்னைச் சீரியல்கள். தேனிப் பக்கத்துக் கூட்டுக்குடும்பத்தின் சண்டைகள் யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குக் கனடாவில் இத்தனை நெருக்கமாகிவிட்டதை எந்தச் சேனலும் திட்டமிட்டிருக்காது.

சிங்கப்பூர், மலேசிய வாசகர்கள் இதில் கொடுத்துவைத்தவர்கள். மலேசியாவில் ஆஸ்ட்ரோ வானவில் 1996-லேயே வந்துவிட்டது. சிங்கப்பூரில் வசந்தம் 2008 முதல் முழுநேரச் சேனல். ரிமோட்டை அழுத்தினால் தமிழ், அவ்வளவுதான்.

மற்ற நாடுகளில் அந்த ரிமோட்தான் பிரச்சினை. ஊரில் அம்மாவுக்குச் சேனல் எண்கள் மனப்பாடம். இருட்டில்கூட அழுத்துவார். அங்கே டிவியைப் போட்டால் வரிசையாகப் பெட்டிப் பெட்டியாகப் படங்கள். எதை அழுத்தினாலும் "யார் பார்க்கிறீர்கள்?" என்று கேட்கிறது. தவறி ஒரு பட்டனில் கை பட்டால் நெட்ஃபிளிக்ஸ் திறந்துகொண்டு, கண்ணால் பார்க்கக் கூசுகிற காட்சியில் நிற்கிறது, அதுவும் மருமகள் வரும் நேரத்தில். போனிலிருந்து மிரரிங் போட்டுக் கொடுத்துவிட்டுப் பையன் ஆபீஸ் கிளம்புகிறான். போன் வாசலைத் தாண்டியதும் படமும் போய்விடுகிறது. அம்மா யாரையும் கேட்பதில்லை. சாயங்காலம் விசாரித்தால், "எனக்கு டிவியெல்லாம் வேண்டாம்பா, சும்மா ஜன்னல்ல வேடிக்கை பாத்துக்கிட்டிருந்தேன்" என்பார். தயவுசெய்து இதை நம்பாதீர்கள்.

பெற்றோருக்கான கனடாவின் சூப்பர் விசாவில் 2022 ஜூலை முதல் ஒரு வருகைக்கு 5 ஆண்டுகள் வரை தங்கலாம். ஐந்து குளிர்காலம் ஜன்னலில் பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது.

அடுத்தது ஓடிபி. வெளிநாட்டுச் சந்தா டாலரில், விலை கூடுதல் என்று பலர் இந்திய எண்ணிலேயே கணக்குத் தொடங்கி வைத்திருக்கிறார்கள். என்றாவது ஒருநாள் டிவி தானாக லாக்-அவுட் ஆகும். ஓடிபி போகிற சிம்மோ மதுரையில் தம்பி வீட்டு மேஜை டிராயரில், சார்ஜ் இல்லாத போனில். அப்படியே எண் கிடைத்து உள்ளே போனாலும், நீங்கள் இருக்கும் நாட்டில் அந்தச் சந்தா செல்லாது என்று சொல்லிவிடக்கூடும். இருக்கும் நாட்டை மறைத்துக் காட்டும் வி.பி.என். போடு என்பார்கள் நண்பர்கள். பெரும்பாலான சேவைகளின் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. அதைவிட, அது அறுந்துபோகிற நேரத்தில் வீட்டில் தனியாக இருப்பவர் அம்மா. என் கட்சி இதுதான்: நீங்கள் வாழும் நாட்டுக்கான சந்தாவையே கட்டுங்கள். இரண்டு காப்பிக் காசு மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

கள்ளப் பெட்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை பணம் கட்டினால் உலகத்துச் சேனல் எல்லாம் வரும் என்று விற்கப்படும் ஐபிடிவி பெட்டிகள் நம்மவர் கடைகளிலும் உண்டு. அவற்றின் விற்பனையைச் சிங்கப்பூர் தன் 2021 பதிப்புரிமைச் சட்டத்தில் தடை செய்துவிட்டது. கனடாவில் 2019 நவம்பரில் அத்தகைய ஒரு சேவையை முடக்கும்படி இணைய நிறுவனங்களுக்கு நீதிமன்றமே உத்தரவிட்டது. அந்தப் பெட்டி தீபாவளியன்று காலை பட்டிமன்றத்தின் நடுவில் செத்துப்போனால் போய் முறையிட ஓர் இடம் கிடையாது. அதில் கட்டும் பணத்தில் ஒரு ரூபாய்கூட அந்தச் சீரியலில் விளக்குப் பிடிப்பவருக்கோ வசனம் எழுதுபவருக்கோ போவதில்லை. பத்திரிகைக்காரன் என்பதால் எனக்கு இது கொஞ்சம் அதிகமாகவே உறுத்துகிறது. எங்கள் இதழையும் பி.டி.எஃப். ஆக்கி இலவசமாகச் சுற்றவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிரிட்டனில் இருப்பவர்கள் கவனிக்க: டிவி லைசென்ஸ் பி.பி.சி.க்கு மட்டும் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். எந்த நாட்டுச் சேனலானாலும், டிவியில் ஓடும் நேரத்திலேயே நேரலையாகப் பார்த்தால் லைசென்ஸ் வேண்டும், இணையத்தில் பார்த்தாலும். 2025 ஏப்ரலில் ஆண்டுக் கட்டணம் 174.50 பவுண்டு ஆனது. ஏற்கெனவே ஒளிபரப்பானதைப் பிறகு ஆப்பில் பார்ப்பதற்கு, பி.பி.சி.யின் ஐபிளேயரைத் தவிர, அது தேவையில்லை.

பெற்றோரை அழைக்கப்போகும் பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அவர்கள் வருவதற்கு முந்தின சனிக்கிழமை டிவி முன்னால் ஒரு மணி நேரம் உட்காருங்கள். டிவியில் எந்த நாடு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆப் ஸ்டோரில் தமிழ் ஆப்கள் தென்படாமல் போவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். டிவியிலேயே கிடைக்காவிட்டால் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கிச் செருகிவிடுங்கள். உங்கள் போனை நம்பி எதையும் வைக்காதீர்கள். வேண்டாத ஆப்களை நீக்கி, தமிழ்ச் சேனலையும் யூடியூபையும் முதல் வரிசையில் வையுங்கள். கடைசியாகப் பார்த்த ஆப்பிலேயே மறுபடி திறக்கும் வசதி சில டிவிகளின் செட்டிங்ஸில் இருக்கிறது, தேடிப் பாருங்கள். ரிமோட்டில் மைக் இருந்தால் சேனல் பெயரைச் சொல்லித் தேட அம்மாவுக்குப் பழக்குங்கள். பிறகு ரிமோட்டை அவர் கையில் கொடுத்து, நீங்கள் தொடாமல், அவரே போட்டு அவரே அணைக்கும் வரை பக்கத்தில் பொறுமையாக இருங்கள். உங்களுக்கு அ, ஆ எழுதப் பழக்கியபோது அவருக்கு இதைவிட நேரமானது.

வெளிநாட்டு வாசகர்களே, எந்த ஊரில், எந்த டிவியில், எந்த வழியில் ஊர்ச் சேனல்களைப் பார்க்கிறீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். மற்றவர்களுக்குப் பயன்படும் குறிப்புகளை வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். பெட்டி விற்பவரின் போன் நம்பரை மட்டும் அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்