‘மக்கும்’ என்பது ஆம் – இல்லை கேள்வி இல்லை

இந்தக் கிழமை எபிசோட்டில் ட்ரோன், சென்சர் என்று விவசாயத் தொழில்நுட்பம் நிறையக் கதைத்தோம். நேரம் போதாமல் விட்ட ஒரு விஷயம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது: வயலில் விரிக்கிற கறுப்புப் பிளாஸ்டிக்.

பேர்ணிலிருந்து நொய்சாத்தல் போகிற ட்ரெயினில் யன்னலால் பாருங்கோ, குரோசஸ் மோஸ் சமவெளி வரும். சுவிஸின் மரக்கறித் தோட்டம் அதுதான். அந்த மாதிரி வயல்களில் சலாது, பூசணி, சுக்கினிக்கு மெல்லிய படலம் விரிப்பார்கள். களை முளைக்காது, ஈரம் நிற்கும், மண் கெதியாச் சூடாகும். தமிழ்நாட்டில் இதற்கு நிலப்போர்வை என்று அழகான பெயர் இருக்கிறது. பிரச்சினை அறுவடைக்குப் பிறகுதான் வரும். பொலித்தீன் படலம் கிழிந்து மண்ணோடு ஒட்டிப்போய்விடும், முழுசாகப் பொறுக்கி எடுக்க முடியாது. சீனாவில் பல வருசமாக இப்படி மிஞ்சிய துண்டுகள் வயல்களையே பாழாக்கியதால், படலத்தின் தடிப்பு குறைந்தது 0.01 மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்று 2017இல் தரநிர்ணயம் கொண்டுவந்தார்கள். தடிப்பாக இருந்தால்தானே உரித்து எடுக்கலாம்.

மாற்று வழியாக வந்ததுதான் ‘மக்கும்’ படலம். அறுவடை முடிய அப்படியே உழுதுவிடலாம், மீதியை மண் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். ஒரு கோட் எழுதுகிறவனாக எனக்கு உடனே வருகிற கேள்வி: டிலீட் ஆனதா, அல்லது கண்ணுக்குத் தெரியாமல் மட்டும் போனதா?

இது வீண் சந்தேகம் இல்லை. ஒக்ஸோ வகைப் பிளாஸ்டிக் என்று ஒன்று ‘தானாக மக்கும்’ என்று விற்கப்பட்டது. அது வெறும் துண்டு துண்டாகத்தான் உடைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் சட்டம் போட்டு, 2021 ஜூலையிலிருந்து அதைத் தடைசெய்தது.

உண்மையாகவே மக்குகிற படலங்களில் பெரும்பாலும் பிபிஏடி என்ற பொலியெஸ்டர் இருக்கும். பொலித்தீனின் முதுகெலும்பு முழுக்கக் காபன்–காபன் பிணைப்பு, கிருமிகளுக்கு அதில் பல் பதியாது. பிபிஏடியில் இடைக்கிடை எஸ்டர் பிணைப்பு வரும். இலைகளின் மெழுகுத்தோலை வெட்டவென்று பூஞ்சைகள் ஏற்கெனவே வைத்திருக்கிற நொதிகள் அந்த இடத்தில் வெட்டும். சங்கிலி சின்னத் துண்டுகளாக, அவற்றைக் கிருமி உள்ளே இழுத்துச் சாப்பிடும். கொஞ்சம் காபனீரொக்சைட்டாக வெளியே போகும், கொஞ்சம் அதன் உடம்பாகும். (பிபிஏடி பெரும்பாலும் பெற்றோலில் இருந்துதான் வருகிறது. மறுபக்கம், கரும்பில் செய்த பொலித்தீனும் பொலித்தீன்தான், மக்காது. ‘பயோ’ என்ற சொல்லை நம்பி வாங்காதீங்கோ.)

இதை நிரூபிப்பதுதான் கஷ்டம். மண் எப்படியும் காபனீரொக்சைட் விடும், எது படலத்தில் இருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? சூரிச் ஈ.டி.எச்.சும் ஏவாக் நிறுவனமும் சேர்ந்து 2018இல் ‘சயன்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வெளியிட்ட வேலை இந்த இடத்தில் எனக்குச் சரியாகப் பிடித்துப்போனது. பிபிஏடியின் மூன்று கட்டுமான அலகுகளில் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் காபன்-13 ஐச் சேர்த்து மூன்று வகைப் படலம் செய்தார்கள். இயற்கையில் காபனில் 1.1 சதவீதம் மட்டும்தான் காபன்-13, அதனால் எங்கே போனாலும் தெரியும். நாங்கள் ஒரு ரிக்வெஸ்டுக்கு ட்ரேஸ் ஐடி போட்டு எல்லாச் சேர்வரிலும் பின்தொடர்கிற மாதிரி. ஆறு கிழமை மண்ணில் வைத்தார்கள். மூன்று அலகின் காபனும் காபனீரொக்சைட்டில் வந்தது, படலத்தில் வளர்ந்த பூஞ்சை இழைகளின் உடம்பிலும் இருந்தது. அதாவது உண்மையில் சாப்பிட்டிருக்கின்றன.

சரி, அப்ப பிரச்சினை முடிந்ததா? இல்லை. ஆறு கிழமையில் படலம் முடிந்துபோனது என்று அவர்கள் சொல்லவில்லை. பிபிஎஸ் என்ற இன்னொரு பொலியெஸ்டரை 2022இல் ‘நேச்சர் கொம்யூனிகேஷன்ஸ்’ இதழில் கணக்குப் பார்த்தார்கள். 425 நாளில் 65 சதவீதம் காபனீரொக்சைட்டானது. மீதி மண்ணில் எவ்வளவு என்பதையும் அளந்து கணக்கை முட்டவைத்தார்கள். எனக்கு நம்பிக்கை தருவது அந்த 65 இல்லை, கணக்கு முட்டியதுதான்.

வயல் படலங்களுக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 17033. அதன்படி, மண்ணில் இரண்டு வருசத்துக்குள் 90 சதவீதம் காபனீரொக்சைட்டாக வேண்டும். ஆனால் டெஸ்ட் நடப்பது 25 பாகை அளவிலான லாபில். சுவிஸ் சமவெளியில் வருடச் சராசரி வெப்பம் ஏறக்குறைய 10 பாகை. 10 பாகை குறைந்தால் கிருமியின் வேகம் பொதுவாக அரைவாசியாகும், சிலவேளை இன்னும் குறையும். டெஸ்டில் பச்சை, புரொடக்ஷனில் என்ன என்று கேட்காமல் நாங்கள் ஒரு நாளும் ரிலீஸ் பண்ணமாட்டோம்தானே.

ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு வருசமும் ஒரு பங்கு படலம் உழுகிறோம் என்று வையுங்கோ. ஒரு வருசத்தில் பாதி மிஞ்சினால், மண்ணில் ஒரு போதும் இரண்டு பங்குக்கு மேல் சேராது. 80 சதவீதம் மிஞ்சினால் ஐந்து பங்கு வரை சேரும். இரண்டும் ‘மக்கும்’ படலம்தான். ஒன்று சமாளிக்கலாம், மற்றது மெமரி லீக். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பனையோலையைத் தாட்டுவினம், அது மெதுவாக உக்கும் என்று அவைக்குத் தெரியும், அதற்கேற்றமாதிரிக் காலம் விடுவினம். எங்களுக்கோ ஒரு லேபல் போதுமாக இருக்கிறது.

நான் இந்தப் படலத்துக்கு எதிரானவன் இல்லை. உரித்தெடுக்க முடியாத மெல்லிய பொலித்தீனை விட இது நல்லது என்றுதான் நினைக்கிறேன். தடித்த பொலித்தீனை விரித்து முழுசாகத் திருப்பி எடுக்கிற தோட்டக்காரருக்கு மாறவேண்டிய அவசரம் இல்லை. ஆனால் விற்கிறவர் எங்கள் வயல் வெப்பத்தில், எங்கள் மண்ணில் ஒரு வருசத்துக்குப் பிறகு எத்தனை சதவீதம் மிஞ்சும் என்ற எண்ணை ரோலின் மேலே அடிக்கவேண்டும். எங்களில் பலருக்கு இங்கே வாக்கு இருக்கிறது. விவசாயம், சூழல் பற்றி வாக்கெடுப்பு வரும்போது ‘மக்கும்’ என்ற சொல்லைப் பார்த்தால் இந்த எண்ணைக் கேளுங்கோ.

வீட்டுப் பாவனைக்கும் ஒன்று. பச்சைக் குப்பைக்கு வாங்குகிற பையில் இருப்பது ஈஎன் 13432, அது 58 பாகை அளவில் சூடாகிற தொழிற்சாலைக் கொம்போஸ்டுக்கான டெஸ்ட். பல்கனிப் பூச்சாடிக்குள் தாட்டுவிட்டு அடுத்த வருசம் கிண்டிப் பார்த்தால், பை அங்கேயே இருந்தால் ஆச்சரியப்படாதீங்கோ.