கிட்னி வித்தவங்க எல்லாம் குடிகாரங்களா?

பள்ளிபாளையம் கிட்னி விவகாரம் 2025 ஜூலையில வெளிய வந்ததுல இருந்து கமெண்ட்ல ஒரே பாட்டுதான். "குடிச்சுக் கூத்தடிச்சா கிட்னியத்தான் விக்கணும். தகுதிக்கு மீறி கடன் வாங்குனது யார் தப்பு?"

கொஞ்சம் பேசுவோம்.

குடி பெரிய பிரச்சனைதான், மறுக்கல. ராத்திரி பூரா தறிச் சத்தத்துல நின்னுட்டு வர்றவர் ஒரு குவாட்டர் போடுறார். காசும் போகுது, கல்லீரலும் போகுது. ஆனா அதே குவாட்டரை மாசச் சம்பளக்காரரும் போடுறார். அவருக்கு ஃபேட்டி லிவர் வருது, கிட்னி புரோக்கர் வர்றதில்ல. ஏன்?

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறி வேலைன்னா கூடவே 'பாக்கி'யும் வரும். சேரும்போது முதலாளிகிட்ட வாங்குற முன்பணம். வர்ற கூலியில அது லேசுல கழியாது. வேற பட்டறைக்குப் போகணும்னா புது முதலாளி பழைய பாக்கியை அடைக்கணும். கடன் கொடுத்தவர் மாறுவார், கடன் மாறாது. தறி நின்னா கூலி நிக்கும், குழுக்கடன் வாரத் தவணை நிக்காது. அந்தக் கடன் பெரும்பாலும் பெண்கள் பேர்ல. அவங்க எந்த டாஸ்மாக் வாசல்ல நின்னாங்க?

"வித்தாவது கடன அடைச்சாங்களே"ன்னு இன்னொருத்தர். அதுவும் நடக்கல சார். சென்னையில கிட்னி வித்த 305 பேரை 2001-ல சந்திச்சு, 2002-ல ஜாமா இதழ்ல வந்த ஆய்வு இருக்கு. 96% பேர் வித்தது கடனுக்காக. வித்து சராசரியா 6 வருஷம் ஆகியும் நாலுல மூணு பேர் கடன்லயேதான் இருந்தாங்க. குடும்ப வருமானம் மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருந்தது. 86% பேர் உடம்பு முன்ன மாதிரி இல்லைன்னாங்க. உடம்பை நம்பிப் பொழைக்கிறவருக்கு இது என்னன்னு தனியா சொல்லணுமா?

இதுல சட்டம் வேற. 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி காசு கொடுத்தவர் மட்டுமில்ல, வாங்குனவரும் குற்றவாளி. 5-ல இருந்து 10 வருஷம் ஜெயில், குறைஞ்சது 20 லட்சம் அபராதம். பேசின தொகையில பாதியை புரோக்கர் அமுக்கினாலும் வாய் திறக்க முடியாது. சொந்தக்காரர் அல்லாதவர் கிட்னி கொடுக்கணும்னா அங்கீகாரக் குழு அனுமதி வேணும், கூடவே ஏகப்பட்ட கையெழுத்து. அதெல்லாம் போட்டது தறிக்காரர் இல்ல, என்னை மாதிரி படிச்சவங்க. பொறுப்பைப் பத்தி அவங்ககிட்டயும் நாலு கேள்வி கேளுங்க.

ஏற்கெனவே கொடுத்தவங்க இதைப் படிச்சா: வருஷம் ஒருமுறை பிரஷர், கிரியேட்டினின், யூரின்ல புரதம் பாருங்க. அரசு மருத்துவமனையிலயே பார்க்கலாம். உடம்பு வலிக்கு மெடிக்கல்ல நீங்களா மாத்திரை வாங்கிப் போடாதீங்க. டாக்டர்கிட்ட ஒரு கிட்னிதான்னு தயங்காம சொல்லிடுங்க.