சளியில் இல்லை என்றால் நோயே இல்லையா?



மூன்று வாரமாக இருமல். பொழுது சாய்ந்தால் காய்ச்சல். உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. சளியைச் சோதித்தால் "கிருமி இல்லை" என்று துண்டு வருகிறது. ஒரு போத்தல் பாணி மருந்தோடு மறுநாள் மீண்டும் மலைக்குப் போகிறோம். தோட்டத்தில் மட்டுமா? ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் ஓர் அறையில் பத்துப் பேராகத் தங்கி, புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதே கதைதான்.

அந்தத் துண்டின் அர்த்தத்தை விளங்கிக்கொள்வோம். ஒரு மில்லிலீற்றர் சளியில் 5,000 முதல் 10,000 வரை கிருமிகள் இருந்தால்தான் நுணுக்குக்காட்டியில் கண்ணில் படும். அதற்குக் குறைந்தால் நோய் இருந்தும் தெரியாது. பலர் சளிக்குப் பதில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதும் உண்மை. விடியற்காலையில் ஆழ இருமி எடுக்கும் சளியே சோதனைக்கு உதவும். 2010இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஜீன்எக்ஸ்பேர்ட் சோதனை இரண்டு மணித்தியாலத்தில் முடிவு தரும். நுணுக்குக்காட்டிக்கு அகப்படாததையும் பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் சளியே வராதவரிடம் எதைச் சோதிப்பது?

இங்கேதான் பிரொங்கொஸ்கொப்பி வருகிறது. ஜப்பானிய வைத்தியர் ஷிகெட்டோ இக்கேடா 1960களில் உருவாக்கிய வளையும் குழாய் அது, பென்சிலைவிட மெல்லியது. மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ சுவாசக் குழாய்க்குள் இறக்கி, எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்த பகுதியை உப்புநீரால் கழுவி, அந்த நீரை எடுத்துச் சோதிப்பார்கள். தேவையானால் சிறு துணுக்குச் சதையும் எடுப்பார்கள். காசநோய் போலத் தோன்றும் புற்றுநோயும் இதில் அகப்படுவதுண்டு.

"நுரையீரலை அறுக்கிறார்களாம்" என்று லயத்தில் பேச்சு. அப்படி எதுவும் இல்லை. தொண்டையை மரக்கச் செய்து, மயக்கம் வருவதுபோல ஓர் ஊசி போடுவார்கள். முன்னதாகச் சில மணித்தியாலம் வெறும் வயிறு. பிறகு தொண்டை மரப்புப் போகும்வரை, சுமார் இரண்டு மணித்தியாலம், தண்ணீரும் குடிக்கக்கூடாது. சளியில் கொஞ்சம் இரத்தக் கோடு தெரியலாம்; கூடுதலாக வந்தால் உடனே சொல்ல வேண்டும். சோதனைக்குப் பிறகு வரும் சளியையும் கொடுத்துவிட்டு வாருங்கள். சில வேளை அதில்தான் கிருமி அகப்படும்.

எல்லா இருமலுக்கும் இது தேவையில்லை. ஒழுங்கான சளிச் சோதனை, எக்ஸ்ரே, அதன் பிறகே இது. எடுத்த எடுப்பில் பணம் கட்டச் சொல்லும் தனியார் இடங்களிடம் கவனம் தேவை.

நமது சண்டை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கருவி தோட்ட ஆஸ்பத்திரியில் கிடையாது. மஸ்கெலியாவிலிருந்து கண்டிக்கோ வெலிசறைக்கோ போக வேண்டும். ஊசி போட்டவரைத் தனியே அனுப்ப முடியாது. துணைக்கு ஒருவர் வேண்டும். இரண்டு பேருக்கும் பேர் போகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சோதனையும் மருந்தும் இலவசம். பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் யார் கொடுப்பது? 1912இலேயே மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளியின் வைத்தியத்தைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. நூறு ஆண்டு கழிந்தும் பாதை நமது தலையில்தான். சோதனை நாளுக்கு நோயாளிக்கும் துணைக்கும் முழுப் பேர், போகவர வாகனம்: சம்பளப் பேச்சுவார்த்தையில் இதுவும் மேசைக்கு வர வேண்டும்.

நகரத்துப் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். நோய் என்று தெரிந்தாலே வேலையும் அறையும் பறிபோகும் என்ற பயத்தில் மறைக்கிறார்கள். கடையில் ஓராண்டு முடித்தவருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி வருடத்துக்கு 7 நாள் அமய லீவு உண்டு. முதலாளி தரும் தயவல்ல அது. மருந்து தொடங்கி ஒழுங்காக விழுங்கினால் சில வாரங்களில் பெரும்பாலானோரிடமிருந்து நோய் பரவுவது நின்றுவிடும். மொத்தம் ஆறு மாதம். மறைத்துக்கொண்டு இருமுகிறவனால்தான் பத்துப் பேர் அறைக்கு ஆபத்து.

இலங்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 14,000 பேருக்குக் காசநோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. சிகிச்சைக்குப் பதிவாகிறவர்கள் அதைவிடச் சில ஆயிரம் குறைவு. அந்த இடைவெளியில் நம்மவர் எத்தனை பேர்?

துண்டில் "இல்லை" என்று வந்தும் இருமல் நிற்கவில்லையா? மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள். கொழும்பில் டீன்ஸ் வீதியில் இருக்கிறது. லீவுக் கடிதத்துக்குத் தோட்டக் கமிட்டித் தலைவரையோ, ஜிந்துப்பிட்டியில் உள்ளவர்கள் நமது காரியாலயத்தையோ நாடுங்கள். பழைய துண்டுகளையும் எக்ஸ்ரேயையும் எறிந்துவிடாமல் கையோடு கொண்டுபோங்கள்.