பாரிஸ் வீதியில் முந்துபவர் யாவர்?

பிரான்சு தேசத்தை வலம்வரும் டூர் த பிரான்ஸ் என்னும் துவிச்சக்கர வண்டிப் பந்தயம் 1903ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகையின் விற்பனையைப் பெருக்கும் பொருட்டுத் தொடங்கப்பெற்றது. இக்காலத்தில் அஃது இருபத்தொரு நாளோட்டங்களை உடையது. ஆல்ப்ஸ், பிரனீஸ் என்னும் மலைத்தொடர்களிலும் ஏறியிறங்கிச் செல்வது. மொத்தக் கால அளவில் முதல்வராகி மஞ்சட் சட்டை பெறுபவர் இன்னாரென்பது பெரும்பாலும் இறுதி நாளுக்கு முன்னரே தீர்ந்துவிடும். 1989ஆம் ஆண்டில் கிரெக் லெமாண்ட் என்னும் அமெரிக்கர் இறுதி நாட்காலையில் 50 விநாடி பின்தங்கியிருந்து, மாலையில் 8 விநாடி முந்தி நின்ற வரலாறு வேறு. அன்று நிகழ்ந்தது ஒவ்வொருவரும் தனித்தனியே ஓடிய ஓட்டம். மற்றை ஆண்டுகளில் கடைசி நாளன்று முதல்வரை எதிர்த்து ஓடாமை எழுதாச் சட்டம்போல் வழங்கி வந்துள்ளது. ஆகவே அந்நாளில் எஞ்சி நிற்பது ஒரே வினா: 1975 முதல் பெரும்பாலும் ஓட்டத்தின் முடிவிடமாக விளங்கும் ஷான்ஸெலிஸே வீதியில், கடைசிச் சில நூறு மீட்டரில் பாய்ந்து முந்துபவர் யாவர்?

இதனை முன்கூட்டி ஊகித்தல் குற்றமற்ற இன்பம். நம் மாணவ நண்பர்களுள்ளும் இதில் ஈடுபட்டோர் உளர். ஆயின் ஊகிப்போருட் பலர், முன்னாட்களில் எவர் மிகுதியாக வென்றாரோ அவர் பெயரையே எழுதிவிட்டு அமைகின்றனர். இது கூட்டற்கணக்கேயன்றி ஊகமாகாதென்பது நம் கருத்து.

வென்றோர் பெயர்களை வரிசைப்படுத்திப் பார்ப்போம். 2009 முதல் 2012 வரை நான்காண்டும் வென்றவர் பிரித்தானியராகிய மார்க் கவெண்டிஷ். அடுத்த ஈராண்டும் மார்செல் கிட்டல், அதற்கடுத்த ஈராண்டும் ஆன்ட்ரே கிரைப்பல், இவ்விருவரும் ஜெர்மானியர். எட்டாண்டுகளில் மூவரே வாகை சூடினர். 2017 முதல் 2023 வரையிலோ குரூனவேகன், கிறிஸ்டோஃப், யூவன், பென்னட், வான் ஆர்ட், பிலிப்ஸன், மேயுஸ் என ஏழாண்டுகளில் எழுவர். ஒருவர் பெயரேனும் இருமுறை வரவில்லை. இம்மாறுதல் வெறுந்தற்செயலென்று நமக்குத் தோன்றவில்லை.

மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுவோனுக்குப் பெரும்பகை காற்றே. முன்செல்வோன் காற்றைக் கிழித்துச் செல்ல, அவன் சக்கரத்தை ஒட்டிப் பின்வருவோன் தன் வலிமையை மிச்சப்படுத்திக்கொள்கிறான். ஆகையால் வேகவீரனைக் கடைசி வரையில் மறைத்துக் கொண்டுசெல்லும் தோழர்கள் ஒருவர்பின் ஒருவராய்த் தம்மைத் தேய்த்துக்கொண்டு விலகுவர். 2009இல் கவெண்டிஷுக்கு முன்னோடியாகச் சென்ற மார்க் ரென்ஷா, தம் வேலை முடிந்தபின்னும் எவராலும் முந்தப்படாமல் தாமே இரண்டாமவராக வந்து சேர்ந்தார். 2012இல் மஞ்சட் சட்டையணிந்த பிராட்லி விக்கின்ஸே கடைசிக் கிலோமீட்டரில் கவெண்டிஷுக்காக உழைத்தார். அரசன் தன் தளபதிக்குக் குடைபிடித்தது போன்ற காட்சி அது! பின்னர், 2018 முதல் ஒவ்வொரு குழுவிலும் ஒன்பதின்மருக்கு மாறாக எண்மரே இடம்பெறலாயினர். மலைக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கியபின் வேகவீரனுக்கு எஞ்சுவோர் ஓரிருவரே. தனித்து விடப்பட்டோர் பலராயின், வெற்றியும் பலர் கைக்கு மாறுவது இயல்புதானே.

இதனினும் பெரிய காரணம் மூன்று வாரக் களைப்பு. 2018ஆம் ஆண்டே இதற்குச் சான்று. பதினோராம் நாளோட்டத்தில் கவெண்டிஷும் கிட்டலும் விதித்த காலவெல்லைக்குள் மலையுச்சி சேராமையால் நீக்கப்பட்டனர். மறுநாள் குரூனவேகன், கிரைப்பல், காவிரியா மூவரும் மலைவழியில் ஓட்டத்தைக் கைவிட்டனர். இரண்டு நாளில் வேகவீரர் ஐவர் மறைந்தனர்! பாரிஸில் வென்றவரோ நார்வே நாட்டுக் கிறிஸ்டோஃப். நெடுந்தூரத்திலும் வலிமை குன்றாதவரென்று முன்னரே பெயர்பெற்றவர். 2016இலும் அவ்வாறே. நான்கு நாள் வென்ற கவெண்டிஷ் இடையில் விலகிவிட, அதுவரை ஒரு நாளும் வெல்லாத கிரைப்பல் பாரிஸில் வென்றார். 2021இல் கவெண்டிஷ் நான்கு நாள் வென்று, எடி மெர்க்ஸின் 34 வெற்றி என்னும் எல்லையை எட்டிய பெருமையோடு பாரிஸ் வந்தார். உலகமே அவர் பெயரைச் சொல்லிற்று. கிடைத்தது மூன்றாமிடம். வென்ற வான் ஆர்ட், முதல்நாள் தனித்தோட்டத்தையும், அதற்குமுன் மோன் வான்டூ மலையோட்டத்தையும் வென்றிருந்தவர். 2023இல் நான்கு நாள் வென்ற பிலிப்ஸனை, முதன்முறையாக இப்பந்தயத்திற்கு வந்த ஜோர்டி மேயுஸ் மயிரிழையில் வென்றார்; யார் முந்தியவரென்பதை நிழற்படங் கொண்டே துணியவேண்டியிருந்தது.

ஆகலின், முதல் வாரத்து வெற்றிப் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, மூன்றாம் வாரத்தில் மலையிலிருந்து யார் எந்நிலையில் இறங்கினார், அவருடன் எத்தனை தோழர் எஞ்சினர் என்பதை நோக்குமாறு நண்பர்களை வேண்டுகிறோம். அவ்வீதி கல் பாவியது என்பதையும் மறவற்க. களைத்த கால்களை அக்கற்கள் மேலும் வருத்தும்.

2025இல் ஊகிப்போர் தொழிலுக்கே இடையூறு நேர்ந்தது. பந்தயத்தை நடத்துவோர் மோன்மார்த்ர் மேட்டை இறுதி நாளில் மூன்றுமுறை ஏறுமாறு புகுத்தினர். கடைசி ஏற்றத்திற்குப்பின் எல்லைக்கு எஞ்சியது சுமார் 6 கிலோமீட்டரே. மழையும் சேர்ந்தமையால் மொத்தக் காலக்கணக்கு முன்னரே முடித்துக்கொள்ளப்பட்டது. ஆயினும் மஞ்சட் சட்டைக்காரராகிய பொகாச்சர் ஓய்ந்திராமல் முன்னணியில் போரிட்டார். அவரையும் அம்மேட்டில் பின்தள்ளித் தனியே வந்து வென்றவர் அதே வான் ஆர்ட். கண்கொள்ளாக் காட்சிதான். களையாதவனைத் தேடுக என்னும் நம் விதியும் அன்று பொய்க்கவில்லை.

எனினும் இம்மாறுதலை நாம் முழுமனத்தோடு வரவேற்கவில்லை. அவ்வாண்டில் மிலான், மெர்லியே என்னும் வேகவீரர் இருவரும் இரண்டிரண்டு நாளோட்டங்களை வென்றவர்கள். பருவுடல் கொண்ட இத்தகையோர் மலைநாட்களில் கூட்டத்தின் கடைக்கோடியிற் சேர்ந்து, காலவெல்லைக்கு அஞ்சி அஞ்சி ஏறுவது பாரிஸ் வீதியின் அந்தச் சில நூறு மீட்டருக்காகவே. மலையேறுவோர்க்கு எத்தனையோ சிகரங்கள் உள. அவற்றோடு இவ்வீதியையும் அவர்க்கே கொடுப்பது முறையன்று. மேடு இருந்தே ஆகவேண்டுமாயின், கடைசி ஏற்றத்தை எல்லையினின்றும் நெடுந்தொலைவு விலக்கி வைக்கட்டும். பின்தங்கிய வேகவீரர் வந்து கூடுதற்கு அப்பொழுது வழியுண்டாம். ஊகிப்போரும் இருபாலாரையும் எண்ணிப் பார்த்தே பெயரெழுத வேண்டிவரும்.