முற்றம் இழந்த வீடுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டு ஊர்களின் ஒழுங்கைகளில் இன்று நடந்து செல்பவர், வீடுகளைப் பார்க்கிலும் மதில்களையே அதிகம் காண்பர். மதிலுக்கு மேலால் தெரிவனவோ விசித்திரமானவை: எதையும் தாங்காத பருத்த தூண்கள், ஒருவர் நிற்கவும் இடம் போதாத மேன்மாடத் துண்டுகள், மேற்கு வெயிலை நேரே வாங்கும் கண்ணாடிச் சுவர்கள். இவை அழகற்றவை என்று சொன்னால், "அவரவர் காசு, அவரவர் விருப்பம்" என்ற விடை உடனே வரும். விருப்பத்தைப் பற்றி வழக்காடுவது என் நோக்கமன்று. உள்ளே இருப்பவர் என்ன பாடுபடுகிறார் என்பதே என் கேள்வி.

சென்ற சித்திரையில் உறவினர் ஒருவரின் புது வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் கடல் கடந்து உழைத்து அனுப்பிய பணத்தில் எழுந்த வீடு. மண்டபம் பளிங்குபோல் மின்னிற்று. ஆனால் அங்கே எவருமில்லை. வீட்டுக்காரியான முதியவள் குசினிக்குப் பின்னால் தகரம் போட்ட பத்தியில், ஓலைப் பாயில் இருந்தாள். "இது பிள்ளையள் வந்தால் இருக்கிற வீடு, தம்பி. நான் இருக்கிறது இதுக்கைதான். உள்ளுக்கை இருக்க ஏலாது, அவியுது" என்றாள். பிள்ளைகள் வருவதோ ஆண்டில் மூன்று கிழமை.

அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கும் கொங்கிறீற்றுக் கூரை, இரவிலே அந்த வெப்பத்தைக் கீழே இறக்குகிறது. நம் நாற்சார் வீட்டின் அமைப்பு இதற்கு மாறானது. நடுவே வானம் பார்த்த முற்றம். சூடேறிய காற்று அதன் வழியே மேலெழ, தலைவாசலால் புதுக் காற்று உட்புகும். சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட தடித்த சுவர்களை, பனைமர வளைகள்மேல் தாழ இறங்கிய ஓட்டுக் கூரை வெயிலிலும் சாரலிலும் படாமற் காத்தது. வற்றாத ஆறில்லாத நம் குடாநாட்டில் ஐப்பசி, கார்த்திகை மாரி மழை மண்ணுக்குள் இறங்கினாற்றான் கிணற்றிலே நன்னீர் ஊறும். இன்றோ வளவு முழுவதும் சீமெந்துக் கல் பதித்து, அந்நீரைத் தெருவுக்குத் துரத்துகிறோம்.

பழைய வீடு பொற்காலத்தின் கோயில் என்று நான் சொல்லவில்லை. அதன் தலைவாசற் படியோடு சாதியின் பேரால் நிறுத்தப்பட்ட மனிதர்கள் பலர். அடுக்களைப் புகையிலே கண் கெட்ட பெண்களும் பலர். அவ்வீட்டைத் திரும்பக் கட்டச் சொல்வது அறியாமை. ஆனால் படியில் நிறுத்திய வழக்கத்தை ஒழிப்பதற்கு, காற்று வரும் வழியையும் ஏன் அடைக்கவேண்டும்?

வேறு வழி இருந்தது. கொழும்பிலே 1960களின் தொடக்கத்தில் ஜெஃப்ரி பாவா, ஏனா டி சில்வாவுக்கு ஒரு வீடு அமைத்தார். நவீன வீடுதான், ஆனால் நடு முற்றத்தைச் சுற்றி எழுந்தது. அதன் அருமை கருதிப் பின்னாளில் அதைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கொண்டுபோய், லுணுகங்கையில் மீண்டும் பொருத்தினர். தலைநகரத்துச் செல்வர் முற்றத்தைத் தேடிச் சென்றனர். நாமோ கையிலிருந்ததைத் தூர்த்துவிட்டோம்.

இன்னுமொன்று. போரினால் வீடிழந்த வடக்கு, கிழக்கு மக்களுக்கு 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் அமைக்க, 2015, 2016 ஆம் ஆண்டுகளில் அரசு முனைந்தது. நம் வெப்பத்துக்கு அவை ஒவ்வா, நம் மேசன்மாருக்கும் தச்சருக்கும் வேலை தரா என்று கல்விமான்களும் பொறியியலாளரும் எதிர்த்தனர். நியாயமான எதிர்ப்பு, அத்திட்டம் எண்ணிய அளவில் நிறைவேறவுமில்லை. ஆனால் பிறர் தந்தபோது வெப்பப் பெட்டி என்று மறுத்ததை, சொந்தக் காசிலே நாமே கட்டிக்கொள்கிறோம். இதைக் கண்டிக்க ஒரு கூட்டமும் கூடக் காணோம்.

வீட்டுப்படம் அனுமதிக்கு வரும்போது எல்லையிலிருந்து எத்தனை அடி என்று அளக்கிறார்கள். மத்தியானத்தில் வீட்டிலுள்ள கிழவி எங்கே இருப்பாள் என்று படம் வரைபவரும் கேட்பதில்லை, பணம் அனுப்புபவரும் கேட்பதில்லை. அகன்ற விறாந்தை ஒன்றும், எதிரெதிர் யன்னல்களும், சுவரைத் தாண்டி நீண்ட கூரையும் அந்தப் பருத்த தூண்களைவிடச் செலவு கூடியவையல்ல.

அந்த முதியவளின் பத்தியை இன்னும் ஆறடி நீட்டித் தகரம் போட, மாரிக்கு முன் மேசன் வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.