பெயரில்லாத போத்தல், தாய் மீது பழி



எங்கள் தென்னந்தோட்டத்தில் எட்டு மாதக் குழந்தை ஒன்றுக்குக் காய்ச்சல். பக்கத்து டிஸ்பென்சரியில் பாணி மருந்து கொடுத்தார்கள். சில நாளில் உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. அம்மாள் வருத்தம் என்று வீட்டில் வேப்பிலை கட்டினார்கள். உதட்டில் கொப்புளம் போட்ட பிறகே வாவி கடந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "என்ன மருந்து கொடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். தாய் போத்தலை நீட்டினாள். அதில் பெயர் இல்லை, அளவு இல்லை, திகதியும் இல்லை.

குழந்தை பிழைத்தது. மருந்து கொடுத்தவரோ, "தாய் கண்டதையும் தின்றிருப்பாள்" என்றார். தோட்ட நிர்வாகம் அவளுடைய இரண்டு நாள் சம்பளத்தை வெட்டியது.

எந்த மருந்தும் யாருக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அது எவர் குற்றமும் அல்ல. காய்ச்சலாலும் தடிப்பு வரும். எது காரணம் என்று டாக்டர் கண்டுபிடிக்க மருந்தின் பெயர் வேண்டும். அதே மருந்தை அந்தப் பிள்ளைக்கு மறுபடி கொடுக்காமல் தடுக்கவும் பெயர் வேண்டும். அந்தப் பெயரை மறைப்பதுதான் குற்றம்.

மருந்தைக் கம்பனிப் பெயரில் அல்ல, அதன் பொதுப்பெயரில் எழுத வேண்டும் என்று போராடிய பேராசிரியர் சேனக பிபிலே இந்த நாட்டவர். 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். அரை நூற்றாண்டு கழிந்தும் நம் பிள்ளையின் போத்தலில் எந்தப் பெயரும் இல்லை!

2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து அரச ஆஸ்பத்திரிகளுக்கே வந்து சேர்ந்தது. அந்த விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் 2024 பெப்ரவரியில் கைதானார். மேலிடத்திலேயே நிலைமை இப்படியிருக்க, பழியைத் தொழிலாளித் தாயின் சோற்றுக் கோப்பையில் தேடுகிறார்கள்.

நமது கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு போத்தலிலும் மருந்தின் பெயர், அளவு, திகதி தமிழில் எழுதப்பட வேண்டும்.
2. ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரைப் பிள்ளையின் கிளினிக் கொப்பியில் பதிய வேண்டும்.
3. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது.

தாய்மாரே, மருந்து கொடுத்த பிறகு தடிப்பு வந்தால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்குமுன் டாக்டரைக் கேளுங்கள். முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, வாயிலும் கண்ணிலும் புண் வந்தாலோ வேப்பிலை தேட வேண்டாம். உடனே 1990க்கு அழையுங்கள்; அம்புலன்ஸ் இலவசம். போத்தலையும் கையோடு கொண்டு போங்கள்.

பெயர் எழுதாத போத்தலை இனி வாங்க மாட்டோம். எழுதித் தரும்வரை வாசலை விட்டு நகரவும் மாட்டோம்!